சுரண்டின அரை அங்குலம்

பெர்சி டான்ஸ்லி முப்பத்தோரு வருஷம் கார் கம்பெனில வரைபடம் போட்டவரு. உடனே காரையே வரைஞ்சவருன்னு நினைச்சுடாதீங்க. கதவுக் கண்ணாடியை ஏத்தி இறக்க ஒரு கைப்பிடி இருக்கும் பாருங்க, அதை வரைஞ்சவரு. நடுவுல ஒரு நாலு வருஷம் கதவுக் கீல், அப்புறம் மறுபடி கைப்பிடி. இங்கிலாந்துல கார் செய்யற ஊரு கவென்ட்ரி, அங்கே அப்போ தெருவுக்கு நாலு பேரு இப்படித்தான். ஒருத்தர் பம்பர், ஒருத்தர் சீட்டு ஸ்பிரிங். எல்லாரும் கூடினா ஒரு காரு, தனியா நின்னா ஆளுக்கு ஒரு இரும்புத் துண்டு.

எண்பத்தொண்ணுல கம்பெனிக்காரங்க அந்த ஆபீஸை மூடிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்க. பெர்சிக்கு அப்போ வயசு அறுபத்தொண்ணு. வரைபடப் பலகையைத் தூக்கிப் போடப் போறாங்கன்னு கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு வேனை இரவல் வாங்கிட்டுப் போயி அதைக் கொண்டு வந்து பின்பக்க ஷெட்டுல வச்சுக்கிட்டாரு. அவரு சம்சாரம் முரியல், "கைப்பிடி வரையறதுக்கு இத்தனை பெரிய பலகையா"ன்னு கேட்டாங்க. அந்தம்மா வாய் அப்படி. மனசு வேற.

"கைப்பிடி இல்ல. இந்தத் தடவை முழுக் காரு"ன்னாரு.

"கதவு எத்தனை?"

"கதவே கிடையாது. திறந்த காரு."

"நல்லதாப் போச்சு. இருந்தா அங்கேயே நின்னுடுவீங்க."

முழுக் காருன்னா நிஜக் காரு இல்லீங்க. முழங்கையில வச்சா விரல் நுனி வரைக்கும் வர்ற அளவு பித்தளைக் காரு. முன்னாடி மூடிக்குள்ள ஒரு குட்டி பாய்லர், அதுக்கு அடியில ஸ்பிரிட் விளக்கு, பின்னாடி ரெண்டு சிலிண்டர். தண்ணி கொதிச்சு, ஆவி போயி பிஸ்டனைத் தள்ளி, சக்கரம் சுத்தணும். அந்த ஊருக்காரங்களுக்கு இதுன்னா பைத்தியம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாதவன்கூட மாடல் இன்ஜின் சங்கத்துக்குப் போயிடுவான். கம்பளி பனியன் போட்டுக்கிட்டு, கையெல்லாம் எண்ணெயாக்கிக்கிட்டு, ஒரு திருகாணியைப் பத்தி ஒரு மணி நேரம் சண்டை போடுவானுங்க. அப்புறம் சேர்ந்து டீ குடிப்பானுங்க.

பெர்சி ஒரு குளிர்காலம் முழுக்க உக்காந்து அந்தக் காரை வரைஞ்சாரு. நல்லா வந்துச்சு. ஒரே ஒரு குறை, மூக்கு நீளமாப் போச்சு. பாய்லருக்கு மூணு திரி விளக்கு வேணும்னு கணக்குப் போட்டு, அது கொள்ளற மாதிரி மூடியை வரைஞ்சிருந்தாரு. பாத்தா எறும்புதின்னி மாதிரி இருந்துச்சு. ஷெட்டுக்கு டீ கொண்டு வந்த முரியலும் தலையைச் சாய்ச்சுப் பாத்துட்டு, "பாவம், சளி பிடிச்ச மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அது அவருக்குள்ள முள்ளு மாதிரி ஏறிடுச்சு.

அந்தச் சமயத்துல இன்ஜின் பாகத்தை மட்டும் தானே செஞ்சு முடிச்சிருந்தாரு. கை அவ்வளவு தேர்ந்த கை இல்ல, பென்சில் பிடிச்ச கைதானே. ஆனாலும் செஞ்சுட்டாரு. பாய்லர் இன்னும் செய்யலே. அதனால கார் டயருக்குக் காத்தடிக்கற கால் பம்பு இருக்கில்ல, அதோட குழாயை மாட்டி நாலு மிதி மிதிச்சாரு. தையல் மிஷின் மாதிரி ஓடுச்சு. ஒரு மிதிக்கு நாப்பது சுத்து. அவருக்குத் தலை கால் புரியலே. இவ்வளவு லேசாவே ஓடுதே, ஒரு மிதிக் காத்து போதுதே, இதுக்கு எதுக்கு மூணு திரி, ரெண்டு திரி போதும்னு முடிவு பண்ணிட்டாரு.

இந்த வேலை தெரிஞ்சவங்க கேட்டா தலையில அடிச்சுப்பாங்க. காத்து வேற, ஆவி வேற. காத்து குளிர்ந்த இரும்பைத் தொட்டாலும் காத்தாவே இருக்கும். ஆவி தொட்ட உடனே தண்ணியாப் போயிடும். இன்ஜின் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் குளிரும், போற ஆவில பாதிக்கு மேல பிஸ்டனைப் பாக்காமலே செத்துடும். பெர்சிக்கு இது தெரியாதுன்னு இல்ல, புஸ்தகத்துல படிச்சிருக்காரு. ஆனா மூக்கு அழகா வரணும்னு ஆசை வந்துடுச்சே. ஆசை வந்தா படிச்சது எங்க நிக்கும்.

அந்தக் காலத்து வரைபடம் மெழுகுத் துணில மசியால போடறது. ரப்பரால அழிக்க முடியாது, சவரப் பிளேடை எடுத்து லேசா சுரண்டணும். பெர்சி மூடியோட முன் கோட்டைச் சுரண்டிட்டு அரை அங்குலம் உள்ள தள்ளிப் போட்டாரு. விளக்குல மூணாவது திரியையும் சுரண்டிட்டாரு. தள்ளி நின்னு பாத்தாரு. காரு அப்படியே பறக்கற மாதிரி இருந்துச்சு.

சங்கத்துல ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் ஒரு பத்திரிகை மாதிரி அடிச்சு எல்லா ஊருக்கும் அனுப்புவாங்க. அதை நடத்தினவரு ஹெப்டன்னு ஒருத்தர், ரிட்டையரான வாத்தியாரு, மீசை, டை, எல்லாம் ஒழுங்கு. பெர்சியோட வரைபடத்தைப் பாத்துட்டு ஹெப்டன் மயங்கிட்டாரு. ஆறு பாகமாப் போடலாம், படிக்கறவங்க ஒவ்வொரு பாகமா செஞ்சுக்கிட்டே வரட்டும்னாரு. ஆனா அதுக்கு ஒரு விதி இருக்கு. வரைஞ்சவரு தானே ஒண்ணு செஞ்சு, ஓட்டிப் பாத்துட்டுத்தான் அச்சுக்குக் குடுக்கணும். ஊரான் பித்தளையை வீணாக்கக் கூடாதில்லையா.

"ஓட்டிப் பாத்தாச்சுல்ல, டான்ஸ்லி?"ன்னு கேட்டாரு ஹெப்டன்.

"ஓடுச்சு. தையல் மிஷின் மாதிரி"ன்னாரு பெர்சி.

பொய்யின்னும் சொல்ல முடியாது. ஓடத்தானே செஞ்சுது. எதுல ஓடுச்சுன்னு அவரு கேக்கலே, இவரு சொல்லலே. பாய்லர் பாகம் வர்றதுக்கு எட்டு மாசம் இருக்கு, அதுக்குள்ள செஞ்சுடலாம்னு மனசுக்குள்ள ஒரு சமாதானம்.

ரெண்டாவது பாகம் வந்தப்புறம் கிரிம்ஸ்பில இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. ஆர்ச்சி பிராக்கில்ஸ்பின்னு ஒருத்தர். மீன்பிடிக் கப்பல்ல இன்ஜின் அறையில இருபத்தஞ்சு வருஷம் இருந்தவரு, வயசு அம்பத்தெட்டுதான். கப்பல் பாய்லரைச் சுத்தி வெள்ளையா பஞ்சு மாதிரி ஒண்ணைப் போர்த்துவாங்க, கல்நாருன்னு சொல்றது. அதை வெறுங்கையால பிச்சுப் பிச்சுப் போர்த்தின தூசியெல்லாம் நுரையீரல்ல போயி உக்காந்துடுச்சு. இனிமே வைத்தியம் இல்லேன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அதையெல்லாம் ரெண்டே வரில எழுதிட்டு, மிச்சம் நாலு பக்கமும் சக்கர அச்சைப் பத்திக் கேட்டிருந்தாரு.

அப்படி என்ன கேள்வி கேட்டாருங்கறீங்க, ஒவ்வொண்ணும் வேலை தெரிஞ்சவன் கேள்வி. பெர்சிக்கு முப்பத்தோரு வருஷத்துல யாரும் அவரு வரைஞ்சதைப் பத்தி ஒரு கடுதாசி போட்டதில்ல. கைப்பிடிக்கு யாரு போடுவா. அன்னிக்கே உக்காந்து பதில் எழுதினாரு. அப்புறம் வாரம் ஒரு கடுதாசி போகும், ஒண்ணு வரும்.

ஆர்ச்சி எழுத்து பேச்சு மாதிரியே இருக்கும். காரோட அடிச் சட்டத்தை அறுத்து முடிச்சுட்டேன், ஒரு மயிரிழை தப்பினாலும் என் பொண்டாட்டி ஏவிஸ் கண்ணாடி போட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சுடறா, கப்பல்லகூட இப்படி ஒரு மேலதிகாரி எனக்கு வாய்க்கலேன்னு எழுதுவாரு. சிலிண்டரைச் சுத்தி கல்நார்க் கயிறு சுத்தச் சொல்லி வரைபடத்துல போட்டிருக்கீங்க, எனக்கு உள்ள இருக்கறதே போதும், அதுக்குப் பதிலா ஏவிஸோட பழைய உள்பாவாடை ஃபிளானல் துணியைச் சுத்திட்டேன், காருக்கும் கொஞ்சம் சுகமா இருக்கட்டுமேன்னு ஒரு தடவை. அதைப் படிச்சுட்டு முரியல் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு நின்னும் தண்ணி நிக்கலே.

அக்டோபர்ல பாய்லர் பாகமும் மூடியும் அச்சாயி வந்துச்சு. தனக்குத் தானே வாக்குக் குடுத்த எட்டு மாசமும் போச்சு, பெர்சி இன்னும் பாய்லரைத் தொடலே. செய்யப் பயம். செஞ்சா தெரிஞ்சு போயிடுமேன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு போல. அந்த வாரம் ஆர்ச்சி எழுதினாரு: இந்தப் படத்துல மூடிக்கு முன்னாடி அரை அங்குலத்துல ஒரு நிழல் மாதிரி தெரியுதே, விளக்குப் பக்கமும் அதே மாதிரி இருக்கு, முதல்ல கோடு அங்கே இருந்துச்சா, ஏதாவது காரணமா மாத்தினீங்களான்னு. துணியைச் சுரண்டின இடம் நகல் எடுக்கறப்ப மங்கலா விழும். நூறு பேரு பாத்தாலும் யாருக்கும் தெரியாது. கப்பல் பாய்லரோட குடித்தனம் பண்ணின மனுஷனுக்குத் தெரிஞ்சுது.

பெர்சி பதில் எழுதினாரு: ஒண்ணுமில்ல, சும்மா சுத்தம் பண்ணினது.

அந்தக் கடுதாசியைத் தபால்ல போட்டுட்டு வந்து அன்னிக்கே பாய்லர் செய்ய உக்காந்தாரு. நவம்பர் நடுவுல முடிஞ்சுது. ஷெட்டுலேர்ந்து சமையலறை வரைக்கும் சிமென்ட்டு நடை இருக்கு. தண்ணி ஊத்தி, ரெண்டு திரியும் ஏத்தி, காத்துக்கிட்டிருந்து, வால்வைத் திறந்தாரு. காரு புறப்பட்டுச்சு. அழகா, சத்தம் இல்லாம, ராணி மாதிரி போச்சு. பதினோரு அடி. அப்புறம் மெதுவா, இன்னும் மெதுவா, நின்னுது. பின்னாடி சொட்டுச் சொட்டா வெந்நீர். அழுத்தம் காட்டற முள்ளு விழுந்து கிடந்துச்சு. மறுபடி நாலஞ்சு நிமிஷம் கொதிக்க வச்சா மறுபடி அதே பதினோரு அடி. இன்ஜின் குடிக்கறதுல பாதியைத்தான் பாய்லரால குடுக்க முடிஞ்சுது.

முரியல் சமையலறை வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தாங்க. "அந்தக் கிரிம்ஸ்பிக்காரருக்கு எழுதிடுங்க"ன்னாங்க.

"சரி பண்ணிட்டு எழுதறேன். வெறும் தப்பைச் சொல்லி என்ன பண்றது? சரியானதைச் சேத்து அனுப்பணும்ல."

"அவருக்கு நாள் நிறைய இருக்கா?"

பெர்சி காரைத் தூக்கிக்கிட்டு ஷெட்டுக்குப் போயிட்டாரு. அந்த வாரமே ஒரு கடுதாசி எழுதத்தான் எழுதினாரு. பாய்லர் போதாது, நிறுத்துங்க, நான் ஆவில ஓட்டிப் பாக்காமலே குடுத்துட்டேன்னு எல்லாமே எழுதி, உறையில போட்டு, ஸ்டாம்பும் ஒட்டி, கடிகாரத்துக்குப் பின்னாடி சொருகினாரு. மறுநாள் போடலாம்னு. மறுநாள் ஆர்ச்சி கடுதாசி வந்துச்சு, பாய்லர் தகட்டை வளைக்க ஆரம்பிச்சுட்டேன், இப்பல்லாம் லேத்து முன்னாடி ஒரு மணி நேரம் நிக்க முடியுது, அது பெரிய விஷயம், உங்க காரு இல்லேன்னா எழுந்திருக்கவே மாட்டேன்னு. அதைப் படிச்சப்புறம் எப்படி நிறுத்துங்கன்னு சொல்றது? பெர்சி இப்படி நினைச்சாரு. இல்ல, இப்படி நினைச்சா தனக்கு லேசா இருக்கும்னு நினைச்சாரு.

அப்புறம் என்னென்னமோ பண்ணினாரு. திரியைப் பெருசாக்கினாரு, மூடிக்குள்ள காத்து பத்தாம தீ மங்கி அணைஞ்சுது. குழாயைச் சுருள் சுருளா வளைச்சு ஒரு பாய்லர், அது எட்டு அடி. இன்னொண்ணு தகட்டைச் சேத்துப் பத்த வைக்கறப்பவே ஓட்டை. கிறிஸ்துமஸ் போயி ஜனவரியும் போச்சு. கடைசில சுத்திச் சுத்தி எங்க வந்து நின்னாரு தெரியுமா? மூணு திரி, அரை அங்குலம் நீளமான மூடி. முதல்ல வரைஞ்சது. அதைத் தகரத்துல சும்மா ஒரு மேஜை மேல செஞ்சு வச்சு ஓட்டினாரு. முக்கா மணி நேரம் நிக்காம ஓடுச்சு. ஆனா மூடி நீளமானா சட்டமும் நீளமாகணும், சட்டம் நீளமானா அச்சு, குழாய் எல்லாமே புதுசு. மூணு மாச வேலை.

பிப்ரவரி மாசம் ஆர்ச்சி கடுதாசி வந்துச்சு. எழுத்து அவரோடது இல்ல, ஏவிஸ் எழுதியிருந்தாங்க. காரு முடிஞ்சுது, இவரால இப்போ கட்டிலை விட்டு எறங்க முடியலே, ஆனா நீங்க வந்துதான் பத்த வைக்கணும்னு இருக்காரு, தன் கையால ஒரு தடவைகூட ஏத்திப் பாக்கலே, வரைஞ்சவருக்குத்தான் அந்த மரியாதைன்னு சொல்றாரு, சனிக்கிழமை வர முடியுமான்னு.

முரியல் கடிகாரத்துக்குப் பின்னாடி இருந்த உறையை எடுத்து அவரு கோட்டுப் பையில வச்சாங்க. பெர்சி திருத்தின வரைபடத்தைச் சுருட்டிக் கையில எடுத்துக்கிட்டாரு. போன உடனே சொல்லிடணும், டீ குடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்னு ரயில்ல நாலு மணி நேரமும் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே போனாரு.

கிரிம்ஸ்பில மழை. துறைமுகத்துக்குப் பின்னாடி வரிசை வீடு. ஏவிஸ் கதவைத் திறந்தாங்க, குள்ளமா, கெட்டியா, மாவு ஒட்டின கையோட. உள்ள இழுத்து, கதவைச் சாத்திட்டு, தணிஞ்ச குரல்ல பேசினாங்க. நாலு நாளா இதுக்காகத்தான் சாப்பிடறாரு, நீங்க வந்ததுக்குக் கோடி நன்றின்னு. அதுக்கு மேல பெர்சியால என்ன சொல்ல முடியும்?

முன் அறையில கட்டிலைப் போட்டிருந்தாங்க. பக்கத்துல ஆள் உசர ஆக்சிஜன் உருளை, அதுலேர்ந்து மூக்குக்குக் குழாய். கட்டில்லேர்ந்து பாத்தா நடை நேரா வாசல் வரைக்கும் தெரியும், இருபது அடி இருக்கும். அதுல இருந்த கம்பளத்தைச் சுருட்டிட்டு, தரையில ஒட்டின லினோலியம் விரிப்பை மெழுகு போட்டுத் துடைச்சு வச்சிருந்தாங்க. நடுவுல காரு.

பெர்சி அப்படியே குந்திட்டாரு. தான் வரைஞ்சதை இப்படி ஒருத்தர் செஞ்சு அவரு பாத்ததே இல்ல. ஒவ்வொரு திருகாணியும் தலை ஒரே திசையில நின்னுது. தகட்டைச் சேத்துப் பத்த வச்ச இடம் கோடு கிழிச்ச மாதிரி. அந்த மூடி, அந்த அழகான குட்டை மூக்கு, முகம் பாக்கலாம் போல பளபளன்னு.

"எப்படி இருக்கு, மிஸ்டர் டான்ஸ்லி? வாயைத் திறங்க. எனக்கு மூச்சு கம்மி, உங்களுக்குமா?"ன்னாரு ஆர்ச்சி. எலும்பும் தோலுமா இருந்தாரு, கண்ணு மட்டும் குறும்பு.

"நான் வரைஞ்சதை விட நல்லா இருக்கு."

"அது தெரியும். ஓடுமா பாப்போம்."

இப்போ சொல்லணும். பெர்சி கையை கோட்டுப் பைக்குள்ள விட்டாரு. அதுக்குள்ள ஏவிஸ் கட்டில் பக்கம் போயி உருளையோட திருகை மூடினாங்க. ஆக்சிஜன் இருக்கற அறையில தீ கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காரு. மூக்குலேர்ந்து குழாயை எடுத்தாங்க, சக்கர வண்டியில இருந்த உருளையைத் தள்ளிக்கிட்டு சமையலறைக்குப் போனாங்க, கதவைச் சாத்தினாங்க, ஜன்னலைத் திறந்து விட்டாங்க. பத்து நிமிஷம் தாங்குவாருன்னாங்க. தண்ணியை இப்பத்தான் சுடச் சுட ஊத்தினேன், சீக்கிரம் கொதிச்சுடும், மத்ததெல்லாம் காலைலேர்ந்து ரெடின்னாங்க.

"அதை ஏன் வெளிய தள்றே, அதுலயே ஓட்டலாமே காரை"ன்னாரு ஆர்ச்சி.

"எண்ணெய் பட்டா வெடிக்கும்"னாரு பெர்சி, பழக்கத்துல.

"வெடிச்சா நம்ம மூணு பேரு கவலையும் ஒண்ணாத் தீந்துது. ஏத்துங்க அய்யா, மூச்சு போகுது."

பெர்சி ஏத்தினாரு. கடவுளே, ஏத்தினாரு பாருங்க அந்த மனுஷன். இந்த ஆளு கை வேலை என் வேலை மாதிரி இல்ல, ஒருவேளை இது ஓடிடும்னு ஒரு நப்பாசை. இருபது அடி வேண்டாம், ஒரு பதினஞ்சு அடி போதும், வாசல்கிட்ட போயி நின்னா போயிட்டுதுன்னு சொல்லிடலாம். முள்ளு ஏறிச்சு. வால்வைத் திறந்தாரு. காரு புறப்பட்டுச்சு. ஆர்ச்சி தலையணையிலேர்ந்து முழங்கையை ஊன்றி எழுந்துட்டாரு.

வீடு குளிரு, ஜன்னல் வேற திறந்திருக்கு. ஆறு அடி. நின்னுடுச்சு.

"குளிர்ல தண்ணியாயிடுச்சு. முதல் ஓட்டம் அப்படித்தான் இருக்கும். சிலிண்டர் சூடாகட்டும். திரும்ப ஏத்துங்க"ன்னாரு ஆர்ச்சி. கப்பல்காரனுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா.

ஏவிஸ் கடிகாரத்தைப் பாத்தாங்க. ரெண்டாவது தடவை ஏழு அடி. ஆர்ச்சியோட உதடு சாம்பல் நிறமாயிடுச்சு. ஏவிஸ், போதும், உருளையைக் கொண்டு வர்றேன்னாங்க. இன்னும் ஒண்ணு, ஒரே ஒண்ணுன்னு கையைக் காட்டினாரு அவரு. பெர்சி நடையில முட்டி போட்டு, தீப்பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு இருந்தாரு. குச்சியைக் கிழிச்சாரு. அப்புறம் ஊதி அணைச்சுட்டாரு.

"ஓடாது"ன்னாரு.

"என்ன?"

"எத்தனை தடவை ஏத்தினாலும் ஓடாது. பாய்லர் போதாது. உங்க வேலையில தப்பில்ல, என் வரைபடம் தப்பு. உருளையைக் கொண்டு வந்துடுங்கம்மா."

ஏவிஸ் விளக்கு அணைஞ்சுதான்னு பாத்துட்டு ஓடிப்போயி உருளையைத் தள்ளிட்டு வந்தாங்க. குழாயை மாட்டினாங்க. ஆர்ச்சிக்கு நிறம் திரும்பி வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு.  உருளை மட்டும் உஸ்ஸுன்னுது.

அப்புறம் ஆர்ச்சி கேட்டாரு. "உங்களோடது எத்தனை அடி போச்சு?"

"பதினொண்ணு."

"எப்போ?"

"நவம்பர்ல."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி காத்துல மட்டும்தான் ஓட்டினேன். கால் பம்புல."

ஆர்ச்சி கூரையைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. திட்டுவாருன்னு பெர்சி எதிர்பாத்தாரு, திட்டினா நல்லா இருக்கும்னுகூட இருந்துச்சு.

"நவம்பர்ல என்னால நிக்க முடிஞ்சுது"ன்னாரு ஆர்ச்சி.

அவ்வளவுதான். குரலைக்கூட ஒசத்தலே. ஏவிஸ் எழுந்து சமையலறைக்குப் போயிட்டாங்க. அங்கே குழாயில தண்ணி விழற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுது.

பெர்சி சுருட்டி வச்சிருந்த வரைபடத்தைக் கட்டில் மேல விரிச்சாரு. ஆர்ச்சி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விரலால கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. மூணு திரி. நீளமான மூக்கு. விரலு அரை அங்குலத்துல வந்து நின்னுது.

"இங்கே இருந்த நிழலைத்தான் நான் கேட்டேன்."

"ஆமா."

"எதுக்குச் சுரண்டினீங்க?"

"அழகுக்கு."

ஆர்ச்சி நடையில நின்ன காரைப் பாத்தாரு. "அழகாத்தான் இருக்கு"ன்னாரு. கிண்டலா நிஜமான்னு பெர்சிக்குக் கடைசி வரைக்கும் தெரியலே. அப்புறம் வேற யாரு யாரு செய்யறாங்கன்னு கேட்டாரு. நாலு பேருன்னாரு பெர்சி. ரெண்டு பேரு ஸ்காட்லாந்து, ஒருத்தர் பிரிஸ்டல், ஒருத்தர் எங்கேயோ.

"அவங்களால எல்லாம் நிக்க முடியுமில்ல? போயி முதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க. இங்கே உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. இந்தப் படத்தை விட்டுட்டுப் போங்க."

ஏவிஸ் பெர்சிக்கு மீன் வறுத்து வச்சிருந்தாங்க. அவரு சாப்பிடலே, அந்தம்மாவும் வற்புறுத்தலே. வாசல்ல குடையை எடுத்துக் குடுத்துட்டு, "இனிமே கடுதாசி போடாதீங்க, படிச்சுக் காட்டறது நான்தான்"னாங்க. கடிகாரத்துக்குப் பின்னாடி இருந்த கடுதாசி அவரு பையிலேயே ஊருக்குத் திரும்பி வந்துச்சு.

ஹெப்டன்கிட்ட எல்லாத்தையும் சொன்னாரு பெர்சி. ஆவில ஓட்டிப் பாக்காமலே குடுத்தேன்னு அப்படியே போடுங்கன்னு கெஞ்சினாரு. ஹெப்டன் டையை இறுக்கிக்கிட்டு, நம்ம பேரு என்னாகறதுன்னாரு. கடைசிப் பக்கத்துல, டீ செலவுக்கு நன்றி சொல்ற இடத்துக்குக் கீழ, மூடியின் நீளத்தில் அரை அங்குலம் கூட்டிக்கொள்ளவும்னு ஒரு வரி. அவ்வளவுதான் வந்துச்சு. பெர்சி நாலு பேருக்கும் தானே எழுதினாரு. பிரிஸ்டல்காரர் ஒரே வரில பதில் போட்டாரு, நானே ஓட்டிப் பாத்துத் தெரிஞ்சுகிட்டேன், காரை வித்துட்டேன்னு. மத்த மூணு பேரும் பதிலே போடலே. ஞாயித்துக்கிழமை சங்கத்துல யாரும் அவரை ஒண்ணும் சொல்லலே. டீ ஊத்திக் குடுத்தாங்க. ஆனா அவரு ஒரு திருகாணியைப் பத்தி ஏதாவது சொன்னா, யாரும் சண்டைக்கு வர்றதில்ல. கொஞ்ச நாள்ல அவரும் போறதை நிறுத்திட்டாரு.

மார்ச்சு ரெண்டாவது வாரம் ஆர்ச்சி போயிட்டாரு. ஏப்ரல்ல ஒரு பார்சல் வந்துச்சு. உள்ள காரோட சட்டம், அதுல மூடி இல்ல, பாய்லர் இல்ல, வெறும் சட்டம் மட்டும், ஃபிளானல் துணில சுத்தி. கூட ஏவிஸ் எழுதின சீட்டு. நீங்க போனதுக்கு மறுநாள் ரம்பம் கேட்டாரு. டீ குடுக்கற தட்டை மடியில வச்சு, படுத்துக்கிட்டே அறுத்தாரு. ஒரு நாளைக்கு நாலு இழுப்பு, அஞ்சு இழுப்பு. உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. எனக்கு இதை வச்சுக்க இஷ்டமில்ல.

பெர்சி அதைப் பலகை மேல வச்சுப் பாத்தாரு. முன் அச்சுக்குப் பின்னாடி, ரெண்டு பக்கமும், புது வரைபடத்துல இருந்த மாதிரி ஊசியால கோடு கிழிச்சிருந்துச்சு. வெட்டித் தள்ளி வச்சு, நடுவுல அரை அங்குலத் துண்டு ஒட்டணும். இடது பக்கத்துச் சட்டம் முழுசா அறுந்திருந்துச்சு, கோட்டு மேலயே, மயிரிழை தப்பாம. வலது பக்கம் பாதி வரைக்கும் போயி நின்னுது. அதுக்கு மேல கோடு மட்டும்தான் போச்சு.

ஷெட்டுல ரம்பம் இருந்துச்சு. பெர்சி அந்தப் பாதி வெட்டுக்குள்ள பிளேடை வச்சாரு. ஒரு இழுப்பு இழுத்தாரு. பிளேடு கோட்டை விட்டுச் சாய்ஞ்சுடுச்சு. பென்சில் கைதானே. சாய்ஞ்ச இடத்துல பளிச்சுன்னு ஒரு புதுக் கீறல், ஆர்ச்சியோட வெட்டுக்குப் பக்கத்துலயே. அவரு ரம்பத்தைக் கீழ வச்சுட்டாரு.

முரியல் டீ கொண்டு வந்தாங்க. பாத்தாங்க. டீயைப் பலகை ஓரமா வச்சாங்க.

"அறுத்து முடிச்சுட்டா சேத்து ஒட்டணும்"னாரு பெர்சி. "என்னால நேரா ஒட்ட முடியாது."

"வேற யாராவது?"

"யாரைக் கேக்கறது?"

சட்டத்தை மேல்தட்டுல வச்சாரு. ஒரு பக்கம் அறுந்து போனதால நேரா நிக்கலே, முன்பக்கம் கொஞ்சம் தொங்கிச்சு. அடியில ஏதாவது கொடுத்து நிமித்தி வைக்கலாம்னு தேடினாரு. பழைய டப்பாவுல கம்பெனிலேர்ந்து எப்பவோ கொண்டு வந்த கதவுக் கண்ணாடிக் கைப்பிடி ஒண்ணு கிடந்துச்சு. அதை அடியில கொடுத்தாரு. உசரம் சரியா இருந்துச்சு. டீ ஆறிப் போயிருந்துச்சு.